பூல் மேசையில் யாருடைய காசு?

உங்கட நண்பன் ஒருத்தன் வந்து இப்படிச் சொல்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “மச்சான், பூல் லீக் ஒன்று தொடங்கப்போறாங்க. அமெச்சூர் லீக்தான். பேர் குடுக்க ஒரு தொகை கட்டணும். வென்றா கையில காசு. சேருவமா?”

கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். வீட்டில் அம்மா “அது சூதுடா” என்பார். கிளப் பழக்கமுள்ள ஒரு பெரியவர் “அமெச்சூர் என்றால் காசுக்கு ஆடக்கூடாதே தம்பி” என்பார். இன்னொரு நண்பன் “ஈஸி காசு, வா” என்பான். இந்த மூன்று பதிலுக்கும் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் கொஞ்சம் எங்கட மலைகளுக்கும் சொந்தம். லீக்கில் சேருவதா இல்லையா என்று முடிவு எடுக்க முதல் அந்த வரலாற்றை ஒருதரம் பார்த்துவிடுவோம்.

பெயரிலேயே பந்தயம்

‘பூல்’ என்ற சொல்லில் இருந்தே தொடங்கலாம். நீச்சல் தடாகத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆடுகிற எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு நடுவில் சேர்த்து வைக்கும் பந்தயப் பணத்துக்குத்தான் ‘பூல்’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் கோழியைக் குறிக்கும் சொல்லே பந்தயத் தொகையையும் குறித்தது, அதிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. கோழிக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவை எங்கட ஊர்ச் சேவல்கட்டு தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய பில்லியர்ட்ஸ் மேசைகளில் ‘லைஃப் பூல்’ என்று ஒரு ஆட்டம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பந்து, ஆளுக்கு மூன்று உயிர். ஆட்டம் தொடங்க முதல் எல்லாரும் நடுவில் காசு போட வேண்டும். உங்கட பந்தை இன்னொருத்தர் பொக்கட்டில் விழுத்தினால் உங்களுக்கு ஒரு உயிர் போகும், அவருக்கு நீங்கள் காசும் கொடுக்க வேண்டும். கடைசி வரை உயிரோடு இருப்பவர் நடுவில் உள்ள மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார். ‘பிரமிட்’ என்ற இன்னொரு ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகள். விழுத்தும் ஒவ்வொரு பந்துக்கும் இவ்வளவு என்று காசு.

இந்த இரண்டும் கலந்து பிறந்த பிள்ளைதான் ஸ்னூக்கர். 1875 இல் இந்தியாவின் ஜபல்பூரில், டெவன்ஷயர் படைப்பிரிவு அதிகாரிகளின் மெஸ்ஸில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பந்தயம் இன்னும் சூடாகட்டும் என்று பிரமிட்டின் சிவப்புப் பந்துகளோடும் கறுப்புப் பந்தோடும் வேறு நிறப் பந்துகளையும் சேர்க்கத் தொடங்கினார். (பிற்காலத்தில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) பின்னர் மதராஸ் படைத் தளபதியோடு அவர் ஊட்டிக்குப் போனார். 1882 அளவில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கரின் விதிகள் எழுதப்பட்டுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. உலகம் முழுக்க ஆடும் ஒரு விளையாட்டின் முதல் விதிப்பலகை, தேயிலை மணக்கும் ஒரு தமிழ் மலையூரில்தான் தொங்கியது.

ஆக, காசு இந்த விளையாட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்த கெட்ட பழக்கம் என்று சொல்ல முடியாது. பிறக்கும்போதே கூட இருந்தது. மாறி மாறி வந்த கேள்வி ஒன்றுதான்: அந்தக் காசை யார் வெளிப்படையாகத் தொடலாம்?

துரைமார் கிளப்

ஊட்டியில் நடந்தது போலவே எங்கட மலைநாட்டிலும் கிளப்புகள் முளைத்தன. கோப்பித் தோட்டத் துரைமார் 1854 இல் இலங்கைத் தோட்டக்காரர் சங்கத்தைக் கண்டியில்தான் தொடங்கினார்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதே காலத்தில் டிக்கோயாவில் தரவளை கிளப் 1868 இலும், நுவரெலியாவில் ஹில் கிளப் 1876 இலும், கண்டி வாவிக்கரையில் கார்டன் கிளப் 1878 இலும் வந்தன. டென்னிஸ், மதுக்கூடம், பழைய பத்திரிகைகள், பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேசை என்று துரைமார் கிளப் என்றாலே ஒரு வாய்ப்பாடு இருந்தது.

அந்த அறைக்குள் எங்கட ஆட்களும் இருந்தார்கள், வேலைக்காரராக. மேசைத் துணியைத் தூரிகையால் நீவி விடவும், கியூ எடுத்துக் கொடுக்கவும், புள்ளி எண்ணிச் சொல்லவும் ஒருவர் நிற்பார். அவருக்கு ‘மார்க்கர்’ என்று பெயர். ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் அவர் கண் முன்னால் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் அடித்தால் பந்து எங்கே போகும் என்பது உறுப்பினர்களை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் உறுப்பினரோடு சமமாக நின்று போட்டியில் பெயர் கொடுக்க அவருக்கு இடம் இல்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்குவாஷில் ஒரு சாட்சி உண்டு. பெஷாவரில் பிரித்தானிய அதிகாரிகளின் கிளப்பில் பந்து பொறுக்கிக் கொடுத்த பையன் ஹாஷிம் கான், 1951 இல் லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். எத்தனை கிளப்புகளில் எத்தனை ஹாஷிம் கான்கள் வாழ்நாள் முழுக்கப் புள்ளி மட்டும் எண்ணிக்கொண்டு இருந்தார்களோ!

இனி சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூதாட்டம் பற்றிய அடிப்படைச் சட்டமாக இருந்தது 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது ‘சட்டவிரோதச் சூது’ என்று சொன்னவற்றில் முக்கியமானது, தெரு, பாதை, பொதுமக்கள் வந்துபோகும் இடம் போன்றவற்றில் பந்தயம் வைத்து ஆடுவது. சேவல்கட்டும் அந்தப் பட்டியலில் வரும்.

இதை வாசித்துவிட்டு இரண்டு இடங்களை நினைத்துப் பாருங்கள். சந்தி மரத்தடியில் சம்பள நாளன்று நாலு தொழிலாளர் சீட்டுப் போடுகிறார்கள். மலை உச்சியில் கதவு சாத்திய அறையில் நாலு துரைமார் பந்துக்கு இவ்வளவு என்று வைத்து ஆடுகிறார்கள். இருவர் கையிலும் காசுதான். ஆனால் ‘பொதுமக்கள் வந்துபோகும் இடம்’ என்ற சொற்கள் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது? வாசலில் நின்று பொதுமக்களை உள்ளே விடாத காவல்காரனே துரைமாருக்குச் சட்டத்திலிருந்தும் காவல். “அது சூதுடா” என்று எங்கட வீடுகளில் வரும் பயத்தில் ஒரு பங்கு ஒழுக்கம் சார்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொரு பங்கு, பொலிஸ் எந்தப் பக்கம் வரும் என்று பரம்பரையாகத் தெரிந்து வைத்திருந்ததால் வந்தது.

அமெச்சூர் என்ற வேலி

இப்போது கிளப் பெரியவரின் பதில். “அமெச்சூர் என்றால் காசுக்கு ஆடக்கூடாது.” அமெச்சூர் என்ற சொல்லின் வேர் ‘நேசிப்பவர்’. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1879 இல் தேம்ஸ் நதியோர ஹென்லி படகோட்டப் போட்டிக்காரர்கள் அமெச்சூர் யார் என்று விதி எழுதினார்கள். காசுக்குப் படகு ஓட்டியவர் அமெச்சூர் இல்லை என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்றும் எழுதினார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு சதம் பரிசு வாங்காதவராக இருந்தாலும் சரி, கையால் உழைத்துச் சம்பாதித்தால் போதும், வெளியே. விளையாட்டின் மீது உள்ள காதலை அளக்க வந்த விதி, கடைசியில் அளந்தது உள்ளங்கைக் காய்ப்பை.

கண்டிக்காரருக்கு இதை றக்பியால் சொன்னால் இன்னும் விளங்கும். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை மட்ச் ஆடினால் அந்த நேரத்துச் சம்பளம் வெட்டுப்படும். “ஆடுவதற்குக் கூலி வேண்டாம், இழந்த சம்பளத்தையாவது தாருங்கள்” என்று அவர்கள் தரப்புக் கிளப்புகள் கேட்டன. அமெச்சூர் கொள்கை கெட்டுவிடும் என்று தலைமை மறுத்தது. 1895 ஓகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகர ஹோட்டல் ஒன்றில் கூடி அந்தக் கிளப்புகள் பிரிந்து போயின. அதிலிருந்து வந்ததுதான் றக்பி லீக். எங்கட நித்தவெலையில் ஆடப்படும் றக்பி யூனியன், வீரர்களுக்கு வெளிப்படையாகக் காசு கொடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டது 1995 ஓகஸ்ட்டில். ஒரு நாள் சம்பளம் பற்றிய சண்டை முடியச் சரியாக நூறு வருடம் எடுத்தது.

இந்த வேலியில் சிக்கி மிக மோசமாகக் காயப்பட்டவர் ஜிம் தோர்ப், அமெரிக்கப் பழங்குடி மகன். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லன், டெகத்லன் இரண்டிலும் தங்கம். அதற்கு முதல் ஒரு சிறிய பேஸ்போல் அணியில் சொற்பக் காசுக்கு ஆடியிருந்தார் என்று தெரியவந்ததும் 1913 இல் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் 1953 இல் இறந்துபோனார். அந்த இரண்டு போட்டிகளுக்கும் அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு திரும்ப அறிவித்தது 2022 இல். கிரிக்கெட்டிலும் இங்கிலாந்து 1962 வரை காசு வாங்காதவரை ‘ஜென்டில்மன்’ என்றும் காசு வாங்கியவரை ‘பிளேயர்’ என்றும் பிரித்து வைத்திருந்தது. குண்டசாலையில் வளர்ந்த எங்கட முரளிதரன் லங்காஷயருக்கும் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் பந்து போட்டார். அதனால் அவர் கிரிக்கெட்டைக் குறைவாக நேசித்தார் என்று யாராவது சொல்வார்களா?

லாபிர் வென்ற பட்டம்

இலங்கைக்குக் கியூ விளையாட்டில் ஒரு பெரிய நாள் உண்டு. இன்றைக்கு அதைப் பற்றிக் கேட்டால் பல இளம் ஆட்களுக்குத் தெரியாது. 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபிர் உலக சம்பியன் ஆனார். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, உலக சம்பியன் பட்டம் வென்ற முதல் இலங்கையர் அவர்தான். கிரிக்கெட் உலகக் கிண்ணம் வர இன்னும் 23 வருடம் இருந்தது.

அதே போட்டியை இலங்கை 1967 இலும் 1979 இலும் கொழும்பில் நடத்தியிருக்கிறது. பக்கத்து நாட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதேதான். 1958 இல் கல்கத்தாவில் இதே பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸ், தனிநபர் விளையாட்டில் உலக சம்பியனான முதல் இந்தியர். இரண்டு நாடுகளுக்கும் முதல் உலக சம்பியனைத் தந்தது துரைமார் விட்டுப்போன பச்சை மேசை.

ஆனால் போட்டியின் பெயரிலேயே ‘அமெச்சூர்’ இருந்ததைக் கவனியுங்கள். உலகத்தில் முதல் ஆளாக வந்தாலும் அந்தப் பட்டம் சோறு போடாது. புகழ் கிடைக்கும், மாலை விழும், பத்திரிகையில் படம் வரும், வாழ்வதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். பின்னாளில் இந்தியா இதற்கு ஒரு வழி கண்டது. பங்கஜ் அத்வானி போன்ற சம்பியன்களுக்கு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. போன்ற அரசு நிறுவனங்கள் வேலை கொடுத்தன. பரிசுக்குப் பதில் மாதச் சம்பளம். எங்கட பக்கம் அப்படி ஒரு பலமான ஏற்பாடு வளர்ந்திருந்தால் இன்றைக்கு ஒரு பூல் லீக்கின் பரிசுத்தொகையைப் பார்த்து இவ்வளவு கண் விரியத் தேவை இருந்திருக்காது.

பிலிப்பைன்ஸ் போன பாதை

வேறு ஒரு ஆசிய நாடு எதிர்ப் பக்கமாக நடந்தது. எஃப்ரன் ரெயெஸ் 1954 இல் பிலிப்பைன்ஸில் பிறந்தவர். சின்ன வயதில் மணிலாவில் மாமாவின் பூல் கடைக்கு வேலைக்கு வந்தார். இரவில் கடை பூட்டிய பிறகு மேசை மேலேயே படுத்துத் தூங்குவார். கிட்டத்தட்ட எங்கட மார்க்கர் மாதிரித்தான், ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே மேசை கிளப்புக்குள் பூட்டிக் கிடக்கவில்லை, சந்தையில் இருந்தது. பையன் காசுக்கு ஆடினான், காசுக்கு ஆடியே வளர்ந்தான்.

1985 இல் அமெரிக்காவுக்குப் போனபோது, பெயர் தெரிந்தால் யாரும் பந்தயத்துக்கு வரமாட்டார்கள் என்று சீசர் மொராலெஸ் என்ற பெயரில் ஆடினார். 1994 இல் யு.எஸ். ஓப்பன் நைன்-போல் பட்டத்தை வென்றார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1996 இல் ஹொங்கொங்கில் ஏர்ள் ஸ்ட்ரிக்லண்டோடு மூன்று நாள் மோதல். முதலில் 120 ஆட்டம் வெல்பவருக்கு 1,00,000 டொலர். 120க்கு 117 என்று ரெயெஸ் வென்றார். 1999 இல் உலக சம்பியன்.

இதைக் கேட்டு “அப்ப பந்தயம் வச்சே ஆடுவம்” என்று கிளம்ப வேண்டாம். ரெயெஸ் ஒருத்தரின் பெயர் எங்களுக்குத் தெரியும். அதே கடைகளில் தினக்கூலியைத் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவர் வென்ற பந்தயக் காசு எப்போதும் இன்னொருவர் தோற்ற காசு. அதனால்தான் பரிசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம்.

நாலு விதமான காசு

பரிசுப் பணம் வரக்கூடிய வழிகள் நாலு. நாலுக்கும் உண்மையான உதாரணம் இருக்கிறது.

முதலாவது, ஆடுபவர்களே போடும் காசு. 1927 இல் ஜோ டேவிஸ் முதலாவது உலக ஸ்னூக்கர் சம்பியன் ஆனபோது கைக்கு வந்தது 6 பவுண் 10 ஷில்லிங். ஆட்டக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் பாதி கிண்ணம் வாங்கப் போனது. அன்றைக்கு வாங்கிய அதே கிண்ணத்தைத்தான் இன்றைக்கும் ஷெஃபீல்டில் தூக்கிக் காட்டுகிறார்கள். 2019 இல் அதைத் தூக்கிய ஜட் ட்ரம்ப்புக்குக் கூடவே கிடைத்த காசு 5,00,000 பவுண். ஜோ டேவிஸின் தொகை சிறிது, ஆனால் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, சங்கம் வாராவாரம் சேர்க்கும் காசு. இன்றைக்கு நாம் ‘அமெச்சூர் பூல் லீக்’ என்று சொல்லும் வடிவம் இதுதான். அமெரிக்காவில் டெரி பெல், லாரி ஹபார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 1979 இல் ஒரு லீக் தொடங்கினார்கள். அது 1981 இல் அமெரிக்க பூல் ஆட்டக்காரர் சங்கம் என்ற பெயருக்கு மாறியது. அணிகள் ஒவ்வொரு வாரமும் கட்டணம் கட்டி ஆடும். மேல் சுற்றுகளுக்குப் போனால் காசுப் பரிசு. ‘அமெச்சூர்’ என்ற சொல்லும் ‘காசுப் பரிசு’ என்ற சொல்லும் சண்டை இல்லாமல் ஒரே நோட்டீஸில் வந்தது இப்படித்தான்.

இவர்கள் கண்ட முக்கியமான விஷயம் ஹண்டிகெப். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை எண் கொடுப்பார்கள். எய்ட்-போலில் அது 2 முதல் 7 வரை. 7 எண்காரர் 2 எண்காரரோடு மோதினால், முன்னவர் 7 ஆட்டம் வெல்ல வேண்டும், பின்னவருக்கு 2 போதும். ஒரு இரவில் களமிறங்கும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23 ஐத் தாண்டக்கூடாது. ஐந்து புலிகளைச் சேர்த்து அணி கட்ட முடியாது, புதுசாகப் பழகும் ஆட்களுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஊட்டிச் சுவரில் தொங்கிய விதிக்குப் பிறகு இந்த விளையாட்டில் வந்த நல்ல யோசனைகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் காசு இருக்கும் இடத்தில் ஓட்டையும் இருக்கும். எண் குறையட்டும் என்று சீசன் முழுக்க வேணும்னே மோசமாக ஆடிவிட்டு, பரிசுச் சுற்றில் மட்டும் உண்மை முகத்தைக் காட்டுபவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிப்பதே லீக் நடத்துபவர்களின் பாதி வேலை.

மூன்றாவது, ஒரு முதலாளி கொட்டும் காசு. 2006 செப்டெம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரில் இன்டர்நெஷனல் பூல் டூர் என்ற அமைப்பு ஒரு போட்டி நடத்தியது. முதல் பரிசு 5,00,000 டொலர், பூல் உலகம் அதுவரை கண்டிராத தொகை. வென்றவர் வேறு யாருமில்லை, அதே எஃப்ரன் ரெயெஸ். மூன்று நாள் பந்தய ஆட்டத்தில் காசைக் கையோடு வாங்கியவர், வெளிச்சமும் கமெராவும் நிறைந்த பெரிய மேடையில் வென்றபோது காசுக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. கொடுக்கப் பணம் இல்லை என்று அமைப்பு சொன்னது. ஆட்டக்காரர்களுக்குத் தவணை தவணையாகவே காசு வந்தது. அந்த டூர் அதோடு படுத்துவிட்டது. உலகத்தின் மிகத் திறமையான கையாலும், இல்லாத பணத்தைப் பொக்கட்டில் விழுத்த முடியவில்லை.

நாலாவது, பொதுப் பணம். பூல் மேசை நுழையாத எங்கட வீடுகளில் அதன் தம்பி மாதிரி கேரம் போர்ட் இருக்கும். சென்னையின் மரியா இருதயம் 1991, 1995 இரண்டு தடவையும் கேரம் உலக சம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கிண்ணத்தில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். அப்பா ஓட்டோ ஓட்டுநர். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபா கொடுத்தது. இந்தக் காசை யாரும் தோற்கவில்லை, எல்லாரும் சேர்ந்து போட்டது.

கண்டியில் கணக்குப் பார்த்தால்

இனி நண்பன் சொன்ன லீக்குக்கு வருவோம். நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் பரிசு. பார்க்க வேண்டியது சின்ன எழுத்து.

ஒரு உதாரணக் கணக்கு. 16 பேர், ஆளுக்கு 2,000 ரூபா. மொத்தம் 32,000. முதல் பரிசு 12,000, இரண்டாம் பரிசு 6,000 என்று வைத்தால் வெளியே போவது 18,000. மிச்சம் 14,000 எங்கே? மேசை வாடகை, துணி, பந்து, நடுவர், தேநீர் என்று நியாயமான செலவு இருக்கலாம். இருந்தால் கேட்டவுடன் சொல்லலாம். அனுசரணை இருப்பதாகச் சொன்னால், அந்தக் கடையின் காசு மேலே சேர்ந்திருக்கிறதா, வெறும் பெயர்ப்பலகை மட்டுமா என்றும் கேட்கலாம். 16 பேரில் 14 பேர் கட்டிய காசு திரும்பாது என்பது எப்படியும் நிச்சயம். அந்த 2,000 ரூபாவைப் பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் கொடுத்த விலை என்று மனதார நினைக்க முடிந்தால் சேருங்கள். திரும்பி வரும் முதலீடு என்று நினைத்தால் வேண்டாம். ஈஸி காசு என்று சொல்லும் நண்பனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

2,000 ரூபா யாருக்கு எவ்வளவு என்பதையும் மறக்கக்கூடாது. தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் என்று வர்த்தமானியில் வந்தது 2021 இல், அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. கொழுந்து எடுக்கும் அம்மாவின் பிள்ளைக்கும் டவுனில் கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கும் ஒரே நுழைவுக் கட்டணம் வைத்தால் நோட்டீஸில் அது சமம், மேசையில் சமம் இல்லை. ஹென்லிக்காரர் எழுத்தில் வைத்த வேலியை நாம் கட்டணத்தில் வைத்துவிடக்கூடாது. லீக் தொடங்க நினைக்கும் அண்ணன்மார் ஒரு அணிக்கு ஒரு கட்டணம் என்று வைக்கலாம், மாணவருக்குக் குறைக்கலாம், பரிசை இரண்டு பேருக்குள் முடிக்காமல் பகிரலாம். பெண் பிள்ளைகள் வந்து ஆடக்கூடிய நேரமும் இடமும் வைக்கலாம். ஹண்டிகெப் வைத்தால் தோட்டத்தில் இருந்து மாதம் ஒரு தடவை மட்டும் மேசையைத் தொடுகிற பொடியனுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கும்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே அறிவித்த பரிசுக்குப் போட்டி போடுவது ஒன்று. ஓரத்தில் நிற்பவர்கள் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதும், தோற்றவன் “இன்னொரு ஆட்டம், டபுள்” என்று நிற்பதும் வேறு. இரண்டாவது தொடங்கிய இடத்தில் லீக் இருக்காது, சட்டப் பிரச்சினைதான் இருக்கும். அப்போது அம்மா சொன்னதுதான் சரி. லீக் நடத்துபவர்கள் முதல் நாளே இதற்கு ஒரு விதி வைக்க வேண்டும், அதை மீறுபவர் யாராக இருந்தாலும் வெளியே அனுப்ப வேண்டும்.

கிளப் பெரியவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஐயா, காசு வாங்காமல் ஆடிய காலத்தில் ஆடக் கிடைத்தவர்கள் யார் என்று பாருங்கள். எங்கட ஆள் அந்த அறைக்குள் புள்ளி எண்ணிக்கொண்டு நின்றார். அவரது பேரப்பிள்ளை இன்றைக்கு அதே மேசையில் ஆடி, வென்று, வென்ற தொகையை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் விளையாட்டு அழுக்காகாது.

ஊட்டி கிளப்காரர்கள் விதிகளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவர்களிடம் இருந்து எடுத்துக்கொள்ளலாம். சேரப்போகும் லீக்கின் சுவரில் விதிகளோடு சேர்த்து வரவு செலவுக் கணக்கும் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் பெயரைக் கொடுங்கள்.